ஓரத்தில் இருப்பதை எண்ணும் முறை

ஜோகுபாளையம், பெங்களூரு
4 மார்ச் 2024

அன்புள்ள தனத்துக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நானும் இருக்கிறேன். போன் வேண்டாம், நீங்கள் பேசுகிற நேரமெல்லாம் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்கிறது, சொல்ல ஏதாவது இருந்தால் பேப்பரில் கையால் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு நீ போய் ஒன்றே முக்கால் வருடம் ஆகிறது. இதுதான் நான் எழுதும் முதல் கடிதம். தபால் கவர் வாங்கும்போது கவுண்ட்டரில் இருந்த அம்மா எந்த ஊருக்கு என்று கேட்டார். அத்திபெலே என்றேன். "பஸ்ல போனா ஒண்ணரை மணி நேரம் சார்" என்று சொல்லிவிட்டுக் கவரைக் கொடுத்தார்.

வீடு அப்படியே இருக்கிறது. போர்வெல் வற்றிவிட்டது. ஓனர் மாடியிலிருந்து "நீரில்லா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார். வாரத்துக்கு இரண்டு நாள் டேங்கர் வருகிறது. துணியை லேபுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் போடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். 2021-ல் என் படங்களைப் பார்த்து எண்ணி எழுதினாயே, அந்த மூன்று நீள நோட்டுகள் உன்னிடம் இருக்கின்றனவா? இங்கே தேடிவிட்டேன், இல்லை.

புதிதாகச் சேர்ந்த பிரிஜெட் என்ற மாணவி ஒரு சிக்கலைக் கண்டுபிடித்திருக்கிறாள். உனக்கு நினைவிருக்கும். இரண்டு தட்டுகளுக்கு நடுவே ஓடும் திரவம், அதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மிதக்கும் துகள்களின் கொத்துகள். ஓட்டம் இழுக்க இழுக்க ஒரு கொத்து எப்போது உடைகிறது, எத்தனை துண்டாகிறது என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. ஆற்றையே கணினிக்குள் வைக்க முடியாது என்பதால் ஒரு சின்னப் பெட்டி அளவுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறோம். வலது ஓரத்தில் வெளியே போவது இடது ஓரத்தில் திரும்ப உள்ளே வரும். பிரிஜெட் அதே ஓட்டத்தை இரண்டு மடங்கு நீளமான பெட்டியில் போட்டுப் பார்த்தாள். உடைவது குறைந்துவிட்டது. அப்படி ஆகக் கூடாது. பெட்டியின் நீளத்துக்கும் கொத்து உடைவதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

காரணம் நேற்றுத்தான் தெரிந்தது. ஓட்டம் சரி, எண்ணியதுதான் தப்பு. ஒரு கொத்து பாதி வலது ஓரத்தைத் தாண்டிப் போய், அந்தப் பாதி இடது ஓரத்தில் தலைகாட்டும்போது, என் புரோகிராம் அதை இரண்டு கொத்து என்று எண்ணியிருக்கிறது. முழுசாக இருந்ததை உடைந்தது என்று எழுதிவிட்டோம். மெதுவான ஓட்டமே கொத்துகளை உடைத்துவிடும் என்று நாங்கள் வெளியிட்ட கட்டுரை இனி நிற்காது.

எனக்குப் புரிபடாதது ஒன்றுதான். நீ கண்ணால் பார்த்து எண்ணியதும் புரோகிராம் எண்ணியதும் அச்சாகப் பொருந்தின. அதை வைத்துத்தான் எல்லோரும் கட்டுரையை நம்பினார்கள். லேபின் தலைவர் என்ற முறையில் நாராயணசாமி சார் நோட்டுகளைப் பார்க்க வேண்டும் என்கிறார். முடிந்தால் பதில் எழுது.

உன்
கார்த்திகேசன்


அத்திபெலே
11 மார்ச் 2024

அன்புள்ள கார்த்திக்கு,

கடிதம் கிடைத்தது. என்னோடு அறையில் இருக்கும் நர்ஸ் சரசுதான் வாங்கி வைத்திருந்தாள். "அக்கா, லவ் லெட்டரா?" என்று கேட்டாள். பிரித்துப் படித்துவிட்டு, "இல்லடி, நோட்டு கேட்டு வந்திருக்கு" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

இங்கே லேபில் நான் ஒருத்தி, என்னோடு உத்தமன் என்று ஒருவர். ஃபேக்டரி ஆட்கள்தான் அதிகம். ஓசூர் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் தமிழில் கையை நீட்டச் சொல்கிறேன், ஆனேக்கல் பக்கத்து ஆட்களிடம் கன்னடத்தில். ஊசி குத்தும்போது இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். சாப்பாடு, தூக்கம் எல்லாம் நேரத்துக்கு நடக்கிறது. கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

நோட்டுகள் என்னிடம்தான் இருக்கின்றன. துணியோடு சேர்த்து எடுத்து வந்துவிட்டேன், ஏன் என்று தெரியவில்லை.

உங்களுக்குப் புரிபடாதது எனக்குப் புரிகிறது. ரத்தத்தில் செல் எண்ணுவதற்கு எங்களுக்குக் கட்டம் போட்ட ஒரு கண்ணாடி உண்டு. கோட்டின்மேலேயே உட்கார்ந்திருக்கும் செல்லை என்ன செய்வது என்று முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். மேல்கோட்டையும் இடக்கோட்டையும் தொட்டால் எண்ண வேண்டும். கீழ்க்கோட்டையும் வலக்கோட்டையும் தொட்டால் விட்டுவிட வேண்டும். அப்போதுதான் எதையும் இரண்டு தடவை எண்ண மாட்டோம். பழக்கதோஷத்தில் உங்கள் படங்களையும் அப்படியே எண்ணினேன். இடது ஓரம் தொட்டதை எண்ணினேன், வலது ஓரம் தொட்டதை விட்டேன்.

முதல் 212 படங்கள் அப்படிப் போயின. உங்கள் புரோகிராமைவிடக் குறைவாக வந்தது. நீங்கள் நோட்டைப் பார்த்துவிட்டு, ஓரத்தில் இருப்பதையெல்லாம் தனித்தனியாக எண்ணு என்றீர்கள். எங்கள் லேபில் இப்படித்தான் என்று சொன்னேன். "இது ரத்தம் இல்ல தனம்" என்றீர்கள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து மூவாயிரத்து அறுநூறு படத்தையும் நீங்கள் சொன்னபடி எண்ணினேன். பொருந்தாமல் எப்படி இருக்கும்?

அடித்துவிட்ட அந்த 212 வரிகளும் நோட்டில் அப்படியே இருக்கின்றன.

தனம்


ஜோகுபாளையம்
18 மார்ச் 2024

அன்புள்ள தனத்துக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீ சொல்லும் கோட்டு முறை அழகான முறை. எங்கள் பெட்டிக்கும் அது சரியாகவே வரும். ஒரே கொத்தின் இரண்டு பாதிகளில் இடது பக்கத்துப் பாதியை மட்டும் எண்ணினால் எண்ணிக்கை சரியாகிவிடுகிறது. பிரிஜெட்டிடம் சொன்னேன், அவளுக்குச் சந்தோஷம்.

ஆனால் நான் அப்படிச் சொன்னதாக நீ எழுதியிருக்கும் பேச்சு எனக்கு நினைவில் இல்லை. அந்த மாதங்களில் நான் தூங்கியதே குறைவு.

இப்போது நிலைமை இது. பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்ப வேண்டும். ஒன்பது வருடமாகக் காண்டிராக்டிலேயே இருக்கிறேன், உனக்குத் தெரியும். மே மாதம் நிரந்தர வேலைக்கு இன்டர்வியூ. புரோகிராமில் தப்பு இருந்தது என்பதை மறைக்க முடியாது, மறைக்கவும் வேண்டாம். தப்பு யாருக்கும் வரும். சரிபார்த்தபோது ஏன் பிடிபடவில்லை என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். சார் ஒரு வாசகம் எழுதிக் கொடுத்திருக்கிறார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "கையால் எண்ணும் வேலை இத்துறையில் பயிற்சி இல்லாத ஒருவரால் செய்யப்பட்டது. ஓரங்களைக் கையாண்டதில் அவர் செய்த பிழையால் புரோகிராமின் தவறு வெளிப்படாமல் போயிற்று."

இதை ஒப்புக்கொண்டு நீ ஒரு கையெழுத்துப் போட வேண்டும். தாள் இத்துடன் வைத்திருக்கிறேன். கட்டுரையின் நன்றி வரியில் உன் பெயர் ஏற்கெனவே இருப்பதால்தான் கேட்கிறார்கள். இதனால் உனக்குப் பாதிப்பு எதுவும் வராது. உங்கள் ஆஸ்பத்திரியில் யாரும் அந்தப் பத்திரிகையைப் படிப்பதில்லை.

சங்கடமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். நோட்டுகளையும் அனுப்பிவிடு.

உன்
கார்த்திகேசன்


அத்திபெலே
26 மார்ச் 2024

அன்புள்ள கார்த்திக்கு,

தாளைப் படித்தேன். எனக்கு இங்கிலீஷ் வரும், இருந்தாலும் தமிழில் எழுதிச் சொன்னதற்கு நன்றி.

எங்கள் லேபில் மெஷின் பிளேட்லெட் குறைவு என்று காட்டினால் அப்படியே எழுதி அனுப்ப மாட்டோம். ஸ்லைடு போட்டுக் கண்ணால் பார்ப்போம். பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும். போன மாதம் மெஷின் சொன்னதுக்கும் நான் பார்த்ததுக்கும் ஒத்துவரவில்லை. டாக்டர் வந்து, "மறுபடி பாரும்மா" என்றார். மறுபடி பார்த்தேன், அதேதான் வந்தது. அவர் மெஷினைச் சரிபார்க்க ஆளைக் கூப்பிட்டார். என்னை மாற்றி எண்ணச் சொல்லவில்லை. பதிமூன்று வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். "பயிற்சி இல்லாத ஒருவர்" என்பதில் மட்டும் கொஞ்சம் நின்றுவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கட்டுரை வந்த சமயம் உங்கள் லேபில் எல்லோருக்கும் கேசரிபாத் வாங்கிக் கொடுத்தீர்கள், நானும் வந்திருந்தேன். இவ்வளவு படத்தையும் யார் எண்ணியது என்று சார் கேட்டார். நீங்கள் என்னைக் காட்டி, "லேப்ல வேல செய்யறவ சார். சொன்னத எண்ணுவா" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தேன். நான் ஏன் வீட்டை விட்டு வந்தேன் என்று உங்கள் அக்கா இன்னும் கேட்கிறார்கள். அடித்தாரா, குடித்தாரா, வேறு யாராவது உண்டா என்கிறார்கள். எதுவும் இல்லை என்றால் நம்ப மறுக்கிறார்கள். அந்த வார்த்தையை அவர்களிடம் எப்படிச் சொல்வது? கேட்டால், இதுக்கா என்பார்கள்.

எனக்குக் கோபம் இல்லை. வரும் வரும் என்று இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல் அப்பப்போ பார்க்கிறேன்.

கையெழுத்துப் போடுகிறேன். உங்களுக்கு வேலை கிடைக்க வேண்டும். அதற்கு முன் எனக்கு ஒரு வரி வேண்டும். "ஓரத்தில் இருப்பதை இரண்டாக எண்ணச் சொன்னது நான்தான்" என்று உங்கள் கையால் எழுதி எனக்கு அனுப்புங்கள். யாரிடமும் காட்ட மாட்டேன். உங்கள் சாருக்கும் தெரிய வேண்டாம். நீங்களும் நானும் மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதும். ஊர் என்ன நினைத்தாலும் அப்புறம் எனக்கு ஒன்றும் இல்லை.

தனம்


ஜோகுபாளையம்
10 ஏப்ரல் 2024

அன்புள்ள தனத்துக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. நேற்று யுகாதி. மாடியிலிருந்து ஓனர் வீட்டம்மா வேப்பம்பூவும் வெல்லமும் கொண்டுவந்து கொடுத்தார்கள், தின்ன ஒப்பட்டும் இரண்டு கொடுத்தார்கள். தண்ணீர்தான் கொடுக்கவில்லை. போன வாரம் சிவாஜிநகரில் கண்ணாடி மாற்றினேன். பவர் ஏறியிருக்கிறது. கடைக்காரர் ஸ்க்ரீனைக் குறைத்துப் பாருங்கள் என்றார். வெயில் இந்த வருடம் பெங்களூருக்குப் புதிது. லேபில் மட்டும் கணினிகளுக்காக ஏசி இருப்பதால் அங்கேயே இருந்துவிடுகிறேன்.

கேசரிபாத் அன்று நான் சொன்னது தவறு என்றால் வருந்துகிறேன். வேடிக்கையாகச் சொல்லியிருப்பேன். நீ அதை இத்தனை நாள் வைத்திருப்பாய் என்று தெரியாது.

நீ கேட்ட வரியைப் பற்றிப் பல நாள் யோசித்தேன். தனம், நான் விஞ்ஞானம் படித்தவன். நினைவில் இல்லாத ஒன்றை நடந்தது என்று என் கையால் எழுத என்னால் முடியாது. நீ பொய் சொல்கிறாய் என்று நான் சொல்லவில்லை. மனிதருடைய நினைவு அப்படிப்பட்டது, உன்னுடையதும் சரி, என்னுடையதும் சரி. அப்படி நடந்திருக்கலாம். இதற்குமேல் ஒரு வார்த்தை எழுதினாலும் அது நேர்மையாகாது.

தாள் இந்த மாதம் இருபத்தைந்துக்குள் சார் கையில் இருக்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதே.

உன்
கார்த்திகேசன்


அத்திபெலே
17 ஏப்ரல் 2024

அன்புள்ள கார்த்திக்கு,

நீங்கள் கேட்டபடி கையெழுத்துப் போட்டிருக்கிறேன், தேதியும் போட்டிருக்கிறேன். சாட்சிக்குச் சரசு போட்டாள். முதலில் மாட்டேன் என்றாள். "என்னா அக்கா இது, செய்யாத தப்புக்கு" என்றாள். போடுடி, நேரமாகுது என்றேன்.

நோட்டுகள் மூன்றையும் ஸ்பீடு போஸ்டில் தனியாக அனுப்பிவிட்டேன். ஜெராக்ஸ் எடுக்கவில்லை, போட்டோவும் எடுக்கவில்லை. என்னிடம் இனி ஒன்றும் இல்லை. இன்டர்வியூ நல்லபடியாக முடியட்டும்.

தனம்


ஜோகுபாளையம்
2 மே 2024

அன்புள்ள தனத்துக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

தாள் முதலில் வந்தது, பையில் வைத்துக்கொண்டேன். நோட்டுகள் அடுத்த நாள் வந்தன. சாரிடம் கொடுப்பதற்கு முன் முதல் நோட்டைச் சும்மா புரட்டினேன். ஒன்பது பக்கங்களுக்கு உன் எழுத்தின்மேல் குறுக்கே பச்சை மையில் கோடு. நான் அப்போது பச்சைப் பேனாதான் வைத்திருந்தேன். ஒன்பதாவது பக்கத்தின் அடியில் என் எழுத்தில் இருக்கிறது: "ஓரத்தில் இருப்பதை இரண்டாக எண்ணு. மறுபடி முதலிலிருந்து. கா. 14.8.21." அதற்குக் கீழே பென்சிலில் உன் எழுத்தில் சின்னதாக, "சரி."

லேபில் எல்லோரும் இருந்தார்கள். வெளியே வந்து மரத்தடியில் நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

நீ கையெழுத்துப் போட்ட தாளைக் கிழித்துவிட்டேன். திருத்தத்தை நானே எழுதினேன். எண்ணியவர் தொடக்கத்தில் சரியான முறையில்தான் எண்ணினார், அது என் புரோகிராமோடு பொருந்தவில்லை என்பதால் அவருடைய முறையை மாற்றச் சொன்னது நான், பிழை முழுவதும் என்னுடையது என்று எழுதி, அந்தப் பக்கத்தின் படத்தையும் வைத்து, அன்றைக்கே பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். பிரதி இத்துடன் இருக்கிறது. உன் முழுப் பெயரும் போட்டிருக்கிறேன், லேப் டெக்னீசியன் என்றும் போட்டிருக்கிறேன். அனுப்பிய பிறகுதான் சாரிடம் சொன்னேன். "யோசிச்சியா?" என்று மட்டும் கேட்டார். இன்டர்வியூ பட்டியலில் என் பெயர் இல்லை. காண்டிராக்ட் ஜூலையோடு முடிகிறது.

பிரிஜெட் புரோகிராமைத் திருத்தி உன் 212 படங்களையும் எண்ணிப் பார்த்தாள். 212-ம் பொருந்தின. ஒன்றுகூடத் தவறவில்லை. அவள் அதை என்னிடம் மூன்று முறை சொன்னாள்.

நான் உனக்குச் செய்தது அநியாயம். நேரில் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அத்திபெலே வருகிறேன். பஸ் ஸ்டாண்டிலேயே நிற்கிறேன், நீ வந்தால் போதும். எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்கலாம்.

உன்
கார்த்திகேசன்


அத்திபெலே
11 மே 2024

அன்புள்ள கார்த்திக்கு,

நல்ல காரியம் செய்தீர்கள். மனசாரத்தான் எழுதுகிறேன். பிரதியைச் சரசு வாங்கி, உத்தமனிடமும் டாக்டரிடமும் காட்டிவிட்டாள். 212-ம் பொருந்தியது என்று படித்தபோது எனக்குச் சந்தோஷம் வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்ததால் அது என்ன என்று கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. உங்கள் வேலை போனது எனக்கு வருத்தம். வேறு இடத்தில் கிடைக்கும். உங்களுக்கு வேலை தெரியும்.

அந்தப் பக்கத்தில் உங்கள் எழுத்து இருப்பது எனக்கு முதலிலிருந்தே தெரியும். முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்கலாம். வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. பதினோரு வருடம் கூட இருந்தவள் சொல்கிறாள் என்பது உங்களுக்குப் போதுமா என்று பார்க்க நினைத்தேன். நடந்தது என்று நான் எழுதியபோது, நடந்திருக்கலாம் என்று பதில் போட்டீர்கள். பச்சை மையைப் பார்த்த அன்றைக்கே, ஆமாம் நடந்தது என்று ஊருக்கெல்லாம் எழுதிவிட்டீர்கள். இடையில் புதிதாக எதுவும் தெரியவரவில்லை. நான் சொன்னதையேதான் உங்கள் கையெழுத்தும் சொன்னது. அதை நம்பினீர்கள்.

இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் இல்லை. முன்னே இருந்த அந்த மரத்துப்போனதும் இல்லை. தெளிவாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். வந்து நின்றாலும் நான் வர மாட்டேன், வெயிலில் வீணாக அலையாதீர்கள். கோர்ட்டுக்கு என்ன எழுத வேண்டுமோ அதை வக்கீலிடம் சொல்லி எழுதி அனுப்புங்கள், இரண்டு பேருக்கும் சம்மதம் என்று போடச் சொல்லுங்கள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்.

பிரிஜெட்டுக்கு எண்ணுவதில் சந்தேகம் ஏதாவது இருந்தால் இந்த முகவரிக்கு எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுத வேண்டாம்.

தனலக்ஷ்மி